பள்ளக்காட்டுத் தீர்மானம்

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. கம்பெனியில் லீவு கிடையாது. காலை ஷிப்ட் முடித்து வந்தபோது தனக்கொடி மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கிண்டி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு பஞ்சாயத்து ஆபீஸ் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழவெள்ளோடை பஞ்சாயத்துக்குத் தலைவர் என் மனைவிதான். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் நான் அவளை நிறுத்தினேன். ஜெயித்தோம். நாற்காலியில் பெரும்பாலும் நான்தான் உட்காருகிறேன். அவள் கையெழுத்தை இப்போது அவளைவிட நான் நன்றாகப் போடுவேன். ஊரில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபோர்மேன் ஆன எனக்கு ஆட்களை மேய்த்துப் பழக்கம். அவளுக்கு அடுப்படியும் மாடும் மகளிர் குழுவும் போதும்.

வேலை ஒன்று வந்திருக்கிறது. ஊருக்குக் கிழக்கே கிடக்கும் பள்ளக்காட்டைக் கம்பெனி கேட்கிறது. சுரங்கத்தில் எடுக்கும் மேல்மண்ணை அங்கே கொட்டி நிரப்பிவிட்டு, பிறகு பக்கத்தில் தோண்டுவார்களாம். பஞ்சாயத்தின் ஆட்சேபணை இல்லை என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் வேண்டும். பள்ளக்காடு புறம்போக்கு. மழை அரித்து அரித்து ஓடையும் மேடுமாகக் கிடக்கிறது. ஆட்டுக்குக்கூட அங்கே புல் இல்லை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பதினைந்தாம் தேதி சபையில் முடித்துவிடலாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

திருச்சியிலிருந்து ஆக்னஸ் என்று ஒரு பேராசிரியை, மாணவ மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பள்ளக்காடு பார்க்க வந்திருந்தார். இரண்டு மூன்று வருஷமாகவே வருகிறவர். இந்தத் தடவை மகளிர் குழுப் பெண்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு. பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து வெகுநேரம் பேசினார். படித்தவர்கள் எல்லாருமே வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தனக்கொடி முகம் மலர்ந்து, எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். எதை என்றேன். பள்ளக்காட்டை நிலவியல் பாரம்பரிய இடமாக அறிவித்துப் பாதுகாக்கச் சொல்லி பஞ்சாயத்து அரசாங்கத்துக்கு எழுதுமா என்று அந்த அம்மா கேட்டாராம். நான் தலையாட்டினேனாம்.

விளையாட்டுக்கு ஆட்டினேன் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றினேன். இடது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. தேங்காயெண்ணெய் காய்ச்சி விட்டேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பள்ளிக்கூட வளாகத்தில் கிராம சபை. தீர்மானங்களை நானே டைப் அடித்து வாங்கி தனக்கொடி கையில் கொடுத்திருந்தேன். அவள் படித்தாள். நான் பின்னால் வேப்பமரத்தடியில் கம்பெனி ஆட்களோடு நின்றிருந்தேன். மைக்செட்டுக்காரன் சரியாக வைக்கவில்லை, இரைச்சலாக இருந்தது. எல்லாரும் கைதூக்கினார்கள். நானும் தூக்கினேன். முடிந்தது என்று மேனேஜருக்குப் போன் போடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

டீக்கடையில் என் மச்சினன் வைரக்கண்ணு வந்து நின்றான். தனக்கொடிக்குத் தம்பி. இரண்டு டிப்பர் லாரி வைத்திருக்கிறான். பள்ளக்காடு கைக்கு வந்தால் மண் அடிக்கும் வேலை அவனுக்கு என்று பேச்சு. முகம் கறுத்திருந்தது. "என்ன மாமா, நீங்களே கை தூக்குறீங்க?" என்றான்.

அவள் படித்தது கம்பெனித் தீர்மானம் இல்லையாம். பள்ளக்காடு விஷயத்தை ஊர் முழுக்கப் பேசி அக்டோபர் இரண்டாம் தேதி சபையில் முடிவு செய்வோம், அதுவரை யாருக்கும் எந்த ஒப்புதலும் இல்லை என்று படித்திருக்கிறாள். அதற்குத்தான் எல்லாரும் கை தூக்கியிருக்கிறார்கள். நானும்.

ஆகஸ்ட் 16, புதன்

வீட்டில் பேச்சுவார்த்தை நன்றாக இல்லை. ஊர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து என் எதிரில் நின்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"இனிமே கையெழுத்த நானே போட்டுக்கறேங்க."

ஆகஸ்ட் 24, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசுவார். அவரிடம் பேசும்போது எனக்குச் சிரமமே இல்லை.

தீர்மானம் அக்டோபரில் வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும் என்றார். பிறகு டிசம்பரில் எனக்கு மருத்துவப் பரிசோதனை வருவதை ஞாபகப்படுத்தினார். போன தடவை காதுக்கு ஒரு கருவி மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அந்த டெக்னீசியன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். அதெல்லாம் மேனேஜருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

"மெடிக்கல நான் பாத்துக்கறேன் கலியபெருமாள். நீங்க தீர்மானத்தப் பாத்துக்குங்க" என்றார்.

காதில் அழுக்குதான். இன்னும் கரையவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

தனக்கொடி பள்ளக்காட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் மனதை மாற்றிப் பார்க்கலாம் என்று நானும் போனேன்.

சின்ன வயதில் சுள்ளி பொறுக்கப் போனது. பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. மஞ்சளும் சாம்பலுமாக மண். அதில் மழை வெட்டிய ஓடைகள் விரல்விரலாகப் பிரிந்து இறங்குகின்றன. வெயிலில் ஜிப்சம் தகடுகள் உடைந்த கண்ணாடி போல மின்னின. குழுப் பெண்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். தனக்கொடி முன்னால் நடந்தாள். ஓர் இடத்தில் குனிந்து, ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்ட கல் ஒன்றைக் காட்டினாள். எடுக்கக் கூடாதாம், இருந்த இடத்திலேயே பார்க்க வேண்டுமாம். இன்னோர் இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பழுப்பாக ஒன்று. சுறாவின் பல் என்றாள். இத்தனை காலத்துக்குப் பிறகும் பளபளப்புப் போகவில்லை.

பத்து கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். நாங்கள் கல்யாணமான புதிதில் கடல் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டு, பஸ் மாறி மாறி தரங்கம்பாடி போய் வந்தோம்.

சுரங்கத்திலும் இந்தக் கல்லெல்லாம் வரும். வெடி வைத்ததும் பாறை முகத்தில் சிப்பி சிப்பியாகத் தெரியும். எல்லாம் கல் உடைக்கும் கிரஷருக்குப் போய்விடும். நான் அனுப்பியதே எத்தனை லோடு இருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அவளிடம் நியாயமாகவே பேசினேன். ஊரில் பாதிப் பேருக்குச் சுரங்கம்தான் சோறு போடுகிறது. நாலு பேர் வந்து கல்லைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவதை நம்பி ஊர் பிழைக்க முடியுமா என்று கேட்டேன். சுரங்கத்தை மூடச் சொல்லி அவள் கேட்கவில்லையாம். இருக்கும் சுரங்கம் இருக்கட்டும், இதை மட்டும் விடச் சொல்கிறாள்.

"கல்லு தீந்தா கம்பெனி வேற ஊருக்குப் போயிடும். நம்ம எங்கங்க போறது?"

நான் ரிட்டயர் ஆவதற்குள் கல் தீராது என்றேன். சொன்ன பிறகு அது அவ்வளவு நல்ல பதிலாகத் தோன்றவில்லை.

செப்டம்பர் 2, சனி

திருப்பூரிலிருந்து இளவரசி போன் செய்தாள். நல்லா இருக்கேம்மா என்று சொல்லி அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மகள் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறாள், நான் பதில் சொல்லாமல் போனைக் கொடுத்துவிட்டேன் என்று அவளுக்கு வருத்தமாம். இந்தப் புதுப் போன்களில் சத்தமே வருவதில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

இரண்டு வேன் ஆட்கள். ஒன்று சென்னையிலிருந்து. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். செங்கமலமும் இன்னும் இரண்டு பெண்களும் ஓடைக்குள் வழிகாட்டிப் போனார்கள். செங்கமலம் போன வருஷம்வரை கிரஷரில் கல் அள்ளியவள். மூச்சிரைப்பு வந்து நின்றுவிட்டாள். இன்று புடவைக்கு மேல் ஒரு சட்டை போட்டுக்கொண்டு, கையில் குச்சியோடு, சுறா எங்கே நீந்தியது என்று காட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தில் ஒரு கழிப்பறை கட்ட வேண்டும், வருகிறவர்கள் கல்லை எடுத்துப்போகாமல் பார்க்க ஆள் போட வேண்டும் என்று தனக்கொடி அதிகாரிகளிடம் போய்க்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் தனியாகவே போய் வருகிறாள்.

ஃபோர்மேன் பெண்டாட்டி கம்பெனிக்கு எதிராகப் போகிறாள் என்று சுரங்கத்தில் யாரோ சொன்னார்களாம். நேராக என்னிடம் யாரும் சொல்லவில்லை. இல்லை, சொல்லி எனக்குக் கேட்கவில்லையோ.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யவில்லை.

நேற்று கல்லூரிப் பெண்கள் ஒரு வேனில் வந்தார்கள். செங்கமலத்துக்குக் காய்ச்சல். என்னைப் போகச் சொல்லி தனக்கொடி கேட்டாள். வீட்டில் சும்மா இருந்ததால் ஒத்துக்கொண்டேன். அவள் மேலே கரையிலேயே நின்றாள். பள்ளத்தில் எத்தனை பேர் இறங்கினாலும் ஒருவர் மேலே நின்று வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு.

நான் முன்னால் நடந்தேன். பெண்கள் பின்னால். ஓடை குறுகிப் போகும் இடம்; இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மண்சுவர். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மழை கொட்டியது எனக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் போனதும் என் சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். திரும்பினால் அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, பெனாசிர். மற்றவர்கள் ஏற்கெனவே திரும்பி மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் எனக்காகத் திரும்பி வந்திருக்கிறாள். வாய் அகலமாகத் திறந்திருந்தது. கத்துகிறாள் என்று புரிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. சேறும் கல்லுமாக முழங்காலுக்கு, பிறகு இடுப்புக்கு. அவள் சறுக்கி விழுந்தாள். ஒரு கையால் அவளையும் ஒரு கையால் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த வேரையும் பிடித்துக்கொண்டேன். எப்படி மேலே ஏறினேன் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். அவள் வலது கால் தொங்கியது.

கரையில் தனக்கொடி சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டு நெளிந்து போயிருந்தது. அவள் ஓடி வந்து பெனாசிரை என் தோளிலிருந்து இறக்கினாள். என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, புதன்

திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். பெனாசிரின் அப்பா கமாலுதீன் துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே என்கிறார். நான் அந்தக் கைகளிலிருந்து என் கையை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் காப்பி வாங்கப் போனபோது அந்தப் பெண் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். உதட்டை நன்றாக அசைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்குக் கேக்கலல்ல?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 26, செவ்வாய்

ஊரெல்லாம் அதே பேச்சு. பொம்பளைகள் பிள்ளைகளைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், தண்ணீர் வருவதைச் சொல்லக்கூட ஆள் இல்லை, காவு வாங்கும் இடத்தை மண் போட்டு மூடுவதுதான் நல்லது. வைரக்கண்ணு வீடு வீடாகப் போகிறானாம். அக்காமேல் அவனுக்குக் கோபம் இல்லை. லாரிக்குக் கட்ட வேண்டிய தவணை நிற்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டு கல்லூரிகள் வருவதாக இருந்து நிறுத்திவிட்டன. ஆக்னஸ் அம்மா வந்து தனக்கொடியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நடந்ததை எழுதிக் கொடுத்தால் கல்லூரிகளுக்குத் தான் விளக்கிச் சொல்வதாகச் சொன்னாராம். அவள் எழுதிக் கொடுக்கவில்லை.

மேனேஜர் எனக்கு லட்டு கொடுத்தார். அவருடைய மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். தீர்மானம் இனிமேல் தானாகவே வந்துவிடும் என்றும் சொன்னார்.

வெடி வைக்குமுன் ஊதும் சைரன் இன்று எனக்குக் கேட்கவில்லை. ஆட்கள் ஒதுங்குவதைப் பார்த்து ஒதுங்கினேன். கொஞ்ச காலமாகவே அப்படித்தான் செய்கிறேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

தனக்கொடி நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சபையில் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். தீர்மானத்தைப் படிப்பேன், ஊர் கை தூக்கினால் தூக்கட்டும் என்றாள். அந்த விபத்தைப் பற்றிக் கேட்பார்களே என்றேன்.

"கேட்டா கேக்கட்டும். அதப் பத்தி நான் பேசறதா இல்ல."

அவளுக்கு மனம் விட்டுப்போய்விட்டது போல. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அக்டோபர் 2, திங்கள்

போன தடவையைவிடக் கூட்டம் இரண்டு பங்கு. பள்ளிக்கூட வராந்தாவில் அதிகாரிகள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மேனேஜர். நான் இந்த முறை முன்வரிசையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவள் உதடு தெரியும்.

அவள் தீர்மானத்தைப் படித்தாள். முழுக்கக் கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியும். வீட்டில் பத்துத் தடவை திருத்தி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ஓடும் சுரங்கத்துக்கு ஊர் குறுக்கே நிற்காது. பள்ளக்காட்டில் மண் கொட்டவும் தோண்டவும் கூடாது. அதை நிலவியல் பாரம்பரிய இடமாக அறிவிக்க அரசைக் கேட்டுக்கொள்கிறோம். காவலும் வழிகாட்டலும் சமையலும் இந்த ஊர் ஆட்கள் கையில் இருக்க வேண்டும். சுரங்கத்தில் வேலை இழப்பவர்களுக்கு அதில் முதல் இடம்.

பிறகு வைரக்கண்ணு எழுந்து முன்னால் வந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை. கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அவள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்த ரேஷன் கடை மாரிமுத்துவிடம் என்ன கேட்கிறான் என்றேன். அவர் என் காதில் வாய் வைத்துக் கத்தினார். "தண்ணி வர்றத பாத்துட்டு ஒம் பொண்டாட்டி ஏன் கூப்பிடலன்னு கேக்கறான். அது வாயத் தொறக்க மாட்டேங்குது."

நெளிந்து போன அந்தத் தட்டைப் பற்றி அவள் சொன்னால் போதும். கூட வந்த பெண்களுக்கெல்லாம் கேட்டது, வீட்டுக்காரருக்கு மட்டும் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அதன்பிறகு எந்த மருத்துவப் பரிசோதனையும் எனக்குத் தேவைப்படாது. மேனேஜர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவள் அதை யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நேற்றே யோசித்துவிட்டாள். அநேகமாகப் பள்ளத்துக் கரையில் நின்றபோதே.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் எழுந்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

எழுந்தேன்.

"கூப்பிட்டாங்க. தட்ட எடுத்து அடிச்சும் கூப்பிட்டாங்க. கூட வந்த பிள்ளைங்க அத்தன பேருக்கும் கேட்டுது. எனக்குத்தான் கேக்கல. என் இடது காது சுத்தமா போயிடுச்சு. வலது காதும் போயிக்கிட்டிருக்கு. வெடிச் சத்தத்துல போன காது. இத்தன வருஷமா யாருகிட்டயும் சொல்லல. அந்தப் பொண்ணு என்ன இழுக்க வந்துதான் கால ஒடச்சிக்கிச்சு. அவங்கமேல குத்தமில்ல."

உட்கார்ந்தேன். கூட்டம் அமைதியானதா, கூச்சல் போட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மாரிமுத்து என் முழங்காலில் கை வைத்திருந்தார். மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கமலம் அழுதுகொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு கையாக மேலே போனது. சுரங்க வேலைக்காரர்கள் பலர் தூக்கவில்லை. சிலர் தூக்கினார்கள். என்கூட வெடிமருந்து நிரப்பும் பழனியாண்டி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கினான். வைரக்கண்ணு எழுந்து போய்விட்டான்.

தீர்மானம் நிறைவேறியதாக அதிகாரி எழுதிக்கொண்டார். தனக்கொடி தன் கையெழுத்தைப் போட்டாள். எழுத்துக்கூட்டிப் போடுவது போல மெதுவாகப் போட்டாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

சுரங்கத்துக்குப் போனேன். டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார் மேனேஜர். இம்முறை மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார். பாதி புரிந்தது.

அக்டோபர் 19, வியாழன்

காதுக்குக் கருவியை மாட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டபோது மட்டும் பொத்தானை அழுத்தினேன். பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

சுரங்க வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். வேறு வேலை இருந்தால் சொல்லி அனுப்புவார்களாம். தொழிலால் வந்த காதுக்கேடு என்று வழக்குப் போடலாம் என்கிறார் யூனியன்காரர். போடலாம். லாக்கரிலிருந்து ஹெல்மெட்டையும் ஒரு ஜோடி காலுறையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் ஹெல்மெட்டைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

வைரக்கண்ணு லாரி ஒன்றை விற்றுவிட்டான். அக்காவுக்குத் தீபாவளிச் சீர் கொண்டு வரமாட்டான் போலிருக்கிறது. தனக்கொடி சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று பேசிவிட்டு வந்தாள். உள்ளே கூப்பிட்டானா என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

பள்ளக்காட்டு விளிம்பில் மூங்கில் கம்பு நடப் போனோம். சத்தம் போட்டு எச்சரித்தால் எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. வளைவுக்கு வளைவு மேலே துணி காட்டினால் பள்ளத்தில் எங்கிருந்தாலும் தெரியும் என்று நான் சொன்னேன். ஆக்னஸ் அம்மாவுக்கும் அது சரியென்று பட்டது. சுரங்கத்தில் பெஞ்சு என்று படிபடியாக வெட்டிய தட்டுகளில் இறங்கிப் பழகிய பழனியாண்டி, ஏறிவர நாலு இடத்தில் படி வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

குழி தோண்டி முடித்து, நிழலில்லாத அந்த மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். என் காது விஷயம் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அவள் எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"இளவரசி கல்யாணத்துல. கெட்டிமேளம் கொட்டறாங்க, எல்லாரும் அட்சதை போடறாங்க. நீங்க மட்டும் கையில வச்சுக்கிட்டு நிக்கறீங்க. மத்தவங்க கையப் பாத்துட்டுத்தான் போட்டீங்க."

நாலு வருஷம் ஆகிறது. ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா இல்லன்னு சொல்லுவீங்க. நீங்க இல்லன்னு சொல்லிட்டா, அப்பறம் நான் சத்தமா பேசவும் முடியாதே."

சபையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். அதற்கு முன்பே அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்தபடியே ஏதோ சொன்னாள். முகம் திரும்பியிருந்ததால் புரியவில்லை. முன்பானால் தலையாட்டியிருப்பேன். என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் திரும்பி நின்று மறுபடி சொன்னாள்.

"அது உங்க காது. ஊர் முன்னால எடுத்து வைக்க எனக்கு உரிமை இல்லீங்க."

நவம்பர் 21, செவ்வாய்

மழை. பள்ளக்காட்டில் யாரும் இறங்கவில்லை. கரையில் நின்று பார்த்தேன். ஓடை கலங்கலாகப் போகிறது. நாளைக்குப் புதிதாக ஏதாவது கல் வெளியே தெரியும்.

டிசம்பர் 3, ஞாயிறு

போன வாரம் அரசாங்கத்திலிருந்து வந்து அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எப்போது அறிவிப்பார்கள் என்று சொல்லவில்லை. அறிவிப்பார்களா என்றும் சொல்லவில்லை. கம்பெனியின் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம், தள்ளுபடி ஆகவில்லை. அடுத்த தேர்தலில் வேறு யாராவது அந்த நாற்காலிக்கு வருவார்கள். அப்போது என்ன ஆகும் என்று தெரியாது.

இன்று கும்பகோணத்துப் பள்ளி ஆசிரியர்கள் இருபது பேர் வந்தார்கள். செங்கமலம் விளக்கம் சொல்ல, நான் வழி பார்த்துக்கொண்டு முன்னால் போனேன். நாங்கள் பாதி தூரம் போயிருப்போம். நிமிர்ந்து பார்த்தால் மூங்கிலுக்குப் பக்கத்தில் தனக்கொடி சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எல்லாரையும் திருப்பிப் படி வழியாக மேலே ஏற்றினேன். இவ்வளவு தூரம் வந்தும் முக்கியமான இடத்தைப் பார்க்க விடவில்லை என்று அவர்களுக்கு எரிச்சல். மேற்கே கறுத்திருந்த மேகம் அரைமணி நேரத்தில் வடக்கே நகர்ந்து போய்விட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. யாரும் நன்றி சொல்லவில்லை. சோறு ஆறிவிடும் என்று செங்கமலம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தனக்கொடி துணியைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். என் முகத்துக்கு நேராக நின்று, இவ்வளவு வேகமாக ஏறி வந்தீர்களே, முட்டி வலிக்கவில்லையா என்று கேட்டாள்.

வலிக்கிறது என்றேன்.